அந்த ஃபாரத்தில் இருந்த கேள்வி

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் எனக்கு எடுபடுகிற ஒரே நடிப்பு அதுதான். பின் சீட்டில் ஒரு அம்மாவும், முப்பதைத் தொடாத மகனும். அவன் கையில் லேப் ரிப்போர்ட் கவர்.

"என் விந்து இந்நேரம் நைட்ரஜன்ல உறைஞ்சு பத்திரமா இருந்திருக்கும்மா. நீதான் கெடுத்த."

"பஸ்ஸுடா இது, மெதுவா பேசு."

"கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்து வச்சிடுங்கன்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாரு."

"நான் வேணாம்னா சொன்னேன்? நீ செத்துட்டா அதை என்ன பண்றதுன்னு அந்த ஃபாரத்துல கேட்டிருந்தான். படுத்த படுக்கையா இருக்கிற புள்ளைய அதுல கையெழுத்துப் போட எப்படிடா விடுவேன்?"

"எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விம்மா அது. நீ கிழிச்சுப் போட்ட. நானும் வாய மூடிக்கிட்டேன்."

"அதனாலதான் பொழச்சு வந்த."

"மருந்துனால பொழச்சேன். அதே மருந்துதான் இதையும் பண்ணிச்சு. ஒரு உயிரணுகூட இல்லன்னு போட்டிருக்கான். லால்குடியில பாத்து வச்சிருக்கியே, அந்தப் பொண்ணு வீட்டுக்கு நீயே போயி சொல்லு."

பஸ் காவிரிப் பாலம் தாண்டியது. அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இருவரும் இறங்க எழுந்தபோது அவள்தான் மறுபடி ஆரம்பித்தாள்.

"நாளைக்குப் போயி வேற ஃபாரம் கேட்டு வாங்கு. என்ன கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்துடலாம்."

"கொடுக்கலாம்மா. உறைய வைக்க என்கிட்ட என்ன இருக்கு?"