சூட்டின் காரணம் தேடிய கலந்தர் அவர்களுக்கு

வானொலி அலையை வைத்தியத்துக்கு வசப்படுத்திய வல்லவரே! வலி கண்டால் வாடிப்போகும் வாஞ்சை மனத்தவரே! எமது ஆஸ்பத்திரியின் வெப்பச் சிகிச்சைப் பிரிவிலிருந்து இன்று ஓய்வுபெறும் கலந்தர் அவர்களே!

நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பது முப்பத்திரண்டு வருடங்களாக நாமறிந்தது. ஆகையால் தாங்கள் இங்கில்லாதது போல் பாவித்து, சபைக்கே சொல்கிறோம்.

எமது வெப்பச் சிகிச்சைப் பெட்டி எழுபத்தொன்பதில் வந்தது. அதன் இரு தட்டுகளுக்கிடையே பாயும் வானொலி அலை, தசைக்குள் புகுந்து சூடாகும் என்றார்கள். கலந்தர் விடுவாரா? கம்பி தொடுக்காத ரியூப் லைட்டைக் கிட்டக் கொண்டுபோனார். அது பளிச்சென்று எரிந்தது. மனுசன் அன்று பகல் சோற்றையே மறந்துவிட்டார்.

மருதமுனை நெசவாளி ஹாஜறா உம்மா முதுகு வலியோடு வந்தார்.

"நகையெல்லாம் கழட்டிட்டீங்களா ராத்தா?" என்று திரைக்கு வெளியே நின்று கலந்தர் கேட்டார்.

"ஓம் தம்பி."

பதினைந்து நிமிடம் முடிந்து பார்த்தால் இடுப்பில் கொப்புளம். அலையை இழுத்துச் சுடும் செப்புக் கூட்டில் அடைத்த தாயத்து அங்கே கிடந்தது.

"நகையத்தானே கேட்டீங்க. இது ஓதிக் கட்டினதெல்லோ?"

"மெசின்ல பழுதெண்டு எழுதிருங்க, உங்கட வேல தப்பும்" என்று எம்மில் சிலர் கலந்தருக்குப் புத்தி சொன்னோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அப்படி எழுதினால் பெட்டியை மூடிவிடுவார்கள், ஊரின் வலி ஊரோடேயே கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். "நான் கேட்ட கேள்வி பிழை" என்று எழுதிக் கையொப்பமிட்டார். பெட்டி தப்பியது, அவருடைய பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது.

ஆனாலும் ஒன்று அவரைக் குடைந்தது: சுட்டபோது அந்த மனுசி ஏன் சத்தம் போடவில்லை? வெறும் செப்புக்கூடொன்றைத் தன் இடுப்பில் கட்டிப் படுத்துக்கொண்டு, உதவியாளர் ஷரிபுதீனைப் பெட்டியைப் போடச் சொன்னார். நான்காம் நிமிடமே துள்ளியெழுந்தார். மீதிப் பதினொரு நிமிடத்தையும் ஹாஜறா உம்மா ஓர் ஆண்பிள்ளையிடம் இடுப்பைச் சொல்லக் கூசியே பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. கலந்தர் அழுதார்.

மறுவாரமே தாதி பரீனாவைத் திரைக்குள் நிறுத்தி, பெட்டியின் ஒவ்வொரு திருகையும் பழக்கினார். புண் ஆறியதும் ஹாஜறா உம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மீண்டும் வரச் சொன்னார். அவரும் வந்தார், தாயத்தைத் தானே அவிழ்த்துப் பரீனாவின் கையில் வைத்தார்.

"இனிச் சுட்டாச் சொல்லுவன் மகள். ஒனக்கிட்டச் சொல்ல என்ன வெக்கம்?"

அன்புடையீர்! அறியும் ஆசை அணுவும் குறையாமல், நோய் நொடி அண்டாமல், மக்கள் மருமக்களோடு நெடுங்காலம் வாழ அல்லாஹ்விடம் கையேந்துகிறோம்.

இம்மடலை வாசித்தவள், இன்று அப்பெட்டிக்குப் பொறுப்பான பரீனா.
உடன் நிற்போர், ஊழியர் அனைவரும்.
1988