பத்துக் குண்டு, அறுபது செக்கன்

எங்கள் கிளப்பில் தேத்தண்ணீரை வாயில் வைக்க முடியாது. நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிவிடும். சுற்றுவட்டாரத்துத் தோட்டத் துரைமார் கூடிக் குடிப்பது கழிவுத் தூள்தான். ஆனால் கோப்பைக்குப் பொன்விளிம்பு இருக்கும். நீங்கள் கொடுத்த இந்தத் தேத்தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல், சேர். குடித்துவிட்டுச் சொல்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. விபத்து என்று எழுதி நீங்கள் பொலிஸ் விசாரணைக் கோப்பை மூடி ஏழு மாதமாகிறது.

நான் விஜேந்திரன். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னத் துரை, அதாவது உதவி மனேஜர். கிளப்பில் என்னை ‘மிஸ்டர் விஜே’ என்பார்கள். என் அப்பா கண்டியில் புடவைக்கடை வைத்திருந்தவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லித்தான் தெரியும். உண்மையில் அப்பா இறம்பொடையில் கூலியாகத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். நான் கூலிகளின் லயத்தில் ஆறாவது காம்பராவில் பிறந்தேன். ஏழாவது காம்பராவில் பிறந்தவன் சோலைமலை. இருவரும் ஒரே பீலித் தண்ணீரில் குளித்து, ஒரே பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியவர்கள். பிறகு நான் படிக்கப் போனேன். அவன் மீனம்மாவைக் கட்டிக்கொண்டு, நான் இப்போது வேலை செய்யும் தோட்டத்துக்குக் கூலியாக வந்து சேர்ந்தான். என்னை அங்கே கண்டதும் அவன் முதலில் பார்த்தது என் சப்பாத்தைத்தான். பிறகு மற்றவர்கள் காதுபட “சலாங்க தொர” என்றான். அன்றே எல்லாம் விளங்கிக்கொண்டான்.

எங்கள் கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை துப்பாக்கிப் போட்டி நடக்கும். சிறு குண்டு ரைபிள். விறகுச் சுள்ளி முறிவதுபோலத்தான் சத்தம் வரும். ஐம்பது மீற்றர் தூரத்தில் அட்டை. அறுபது செக்கனில் பத்துக் குண்டு. எல்லாம் நடுவில் பட்டால் நூறு புள்ளி. தலைவர் அன்றைக்கு மட்டும் ஒரு கம்பளிக் கோட்டுப் போட்டு வருவார். அதன் உள்பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயரெழுத்து இன்னும் தைத்தபடி இருக்கிறது. அதுவரை சிங்களத்திலும் தமிழிலும் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தவர்கள், அந்தக் கோட்டைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். வெள்ளிக் கோப்பையில் வெள்ளி தேய்ந்து பித்தளை தெரியும். ஆனால் சுவரில் ஒரு தேக்குப் பலகை உண்டு. வென்றவர்களின் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதுவார்கள். அந்த விபத்துக்கு முன்பே அதில் மூன்று வருடம் தொடர்ந்து என் பெயர் ஏறியிருந்தது.

எனக்குச் சுட வராது, சேர். இதைச் சொல்லத்தான் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அட்டைச் சட்டத்துக்குக் கீழே ஆளுயரக் குழி ஒன்று உண்டு. போட்டி நாளில் எங்கள் தோட்டத்திலிருந்து வந்து, அதற்குள் இருந்து அட்டை மாற்றுவது சோலைமலையின் வேலை. முதல் வருடம் என் குண்டுகளில் பாதி பின்னாலிருந்த மண்மேட்டுக்குப் போயின. ஆனால் அட்டையில் தொண்ணூற்றிரண்டு புள்ளி இருந்தது. எல்லோரும் போன பிறகு குழிப்பக்கம் போனேன். அவன் ஓர் ஆறங்குல ஆணியைக் காட்டினான். அது போடும் ஓட்டையும் எங்கள் குண்டு போடும் ஓட்டையும் ஒரே அளவு.

“என்னடா, மேட்டுக்கு மருந்தா அடிக்கிற? நம்ம லயத்து மானம் போகக் கூடாதுன்னு நானே அஞ்சு போட்டேன்” என்று சிரித்தான்.

நான் கேட்காமலே செய்தான். அடுத்த இரண்டு வருடமும் நான் கேட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கிளப்பில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியில் பூஞ்சணம். தலைவர் அதில் பார்த்துவிட்டு ஒவ்வொரு குண்டுக்கும் “சபாஷ்” என்பார்.

போன வருடம் மண்சரிவு ஆபத்து என்று ஒரு லயத்துக்குச் சிவப்புக் குறி போட்டார்கள். சோலைமலை இருந்த லயம்தான். புதுவீட்டுக்கு இருபது பெயர் எழுதி அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. அவன் பெயரை நான் எழுதவில்லை. இந்த ஆளை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மேலிடத்தில் யாராவது கேட்டால், நூல் பிடித்துக்கொண்டு ஆறாவது காம்பராவரை வந்துவிடுவார்களோ என்று நினைத்தேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இருபது பெயரில் ஒன்றைக்கூட யாரும் வாசிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு உரக் காம்பராவுக்குப் பின்னால் என்னை நிறுத்தினான்.

“லிஸ்ட்டுல எம் பேரு இல்லையாமே, விஜே.”

அடுத்த முறை பார்க்கலாம் என்றேன். மழை இப்படியே பெய்தால் அடுத்த முறைக்கு லயம் நிற்குமா என்று கேட்டான். 

“சரி விடு. ஆனா இந்த வருசம் ஆணி கெடையாது. நீ சுட்டது எதுவோ, அதுவே வரட்டும்.”

அவ்வளவுதான். அவன் மிரட்டவில்லை. யாரிடமும் சொல்லிவிடுவேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நியாயமாவது மிஞ்சியிருக்கும். பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும்தான் சொன்னான்.

போட்டி இரண்டு சுற்று. இரண்டின் அட்டைகளும் குழியிலிருக்கும் தோல்பைக்குள் போய், கடைசியில்தான் வெளியே வரும். முதல் சுற்றில் என் குண்டுகள் வழக்கம்போல மேட்டுக்கே போயின. இரண்டு, மூன்று குண்டு அட்டையில் பட்டிருந்தாலே அதிகம். இரண்டாம் சுற்றிலும் அதே கதை. ஒன்பதாவது குண்டை அடித்தபோது மணி பார்ப்பவர் “இன்னும் பதினைந்து செக்கன்” என்றார். இதற்குப் பிறகு நடந்தது கோப்பில் இருக்கிறது. சோலைமலையின் தலை குழிக்கு மேலே தெரிந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அதற்குள் விரல் அழுத்திவிட்டது. கோப்பில் உள்ள மூன்றும் நடந்தவைதான். வரிசைதான் வேறு.

குண்டு கண்ணுக்கு மேலே பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவன் சட்டைப்பையில் ஆணி இருந்ததை நீங்கள் கேட்டீர்கள். அட்டையை அடித்து மாட்ட என்று நான் சொன்னேன்.

கிளப்பில் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடித்தோம். போட்டிக்கு வைத்திருந்த அதே மணிக்கூட்டில்தான் பார்த்தார்கள். ஒன்றரை நிமிடத்தில் தலைவர் இருமிவிட்டதால் முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டி, இரண்டாம் சுற்று தடைப்பட்டால் முதல் சுற்றைக் கணக்கில் எடுக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். தோல்பையைத் திறந்தார்கள்.

என் முதல் சுற்று அட்டையில் தொண்ணூற்று நான்கு புள்ளி.

அதை நான் சுடவில்லை, சேர். ஒரு வாரம் முன்பு இல்லை என்று சொன்னவன், குழிக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எனக்காக அடித்திருக்கிறான். கோபம் அவ்வளவு நேரம்தான் அவனிடம் தங்கியிருக்கிறது. தலைவர் என் தோளைத் தட்டினார். எச்சரித்துக் கத்திய என் சமயோசிதத்தைப் பாராட்டினார். இந்த ஆட்களுக்குக் குனியக்கூடத் தெரியாது என்று வருத்தப்பட்டார். நான்காவது முறையாக என் பெயர் பலகையில் ஏறியது.

அதன்பிறகும் நான் நன்றாகத்தான் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். மீனம்மாவின் பெயரை வீட்டுப் பட்டியலில் சேர்த்தேன். அதைச் செய்ததும் கணக்குச் சரியாகிவிட்டது என்றுகூட ஒரு நாள் தோன்றியது. போன திங்கட்கிழமை காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறும்போது, அவள் மட்டும் நின்றாள்.

“அங்க இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் அவரப் பேரு சொல்லிக் கூப்பிட்டீங்களாம். மத்தவங்களுக்கு அவரு பேரே தெரியாதாம். அது போதுங்க தொர.”

கும்பிட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னால் அந்தப் பெரட்டுக் களத்தில் நிற்க முடியவில்லை.

இப்போது வரிசையைச் சரியாகச் சொல்கிறேன். அவன் தலை முதலில் தெரியவில்லை. குழிக்குள் பத்திரமாகத்தான் இருந்தான். ஒரு குண்டு மிச்சம் இருந்தது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் போட்டி நின்றுவிடும், அட்டைகளை யாரும் எண்ண மாட்டார்கள் என்று நினைத்தேன். நான்தான் முதலில் கூப்பிட்டேன். கத்தவில்லை. பெரட்டில் கூப்பிடுவதுபோல, “சோலைமலை” என்று ஒரு தரம்.

கிளப்காரர்களுக்கு இது விளங்காது. லயத்தில் பிறந்தவனுக்கு விளங்கும். துரை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் குனிவதில்லை. கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்து, முகம் தெரிய நேராக நிற்பார்கள். அவனும் அப்படித்தான் எழுந்தான். தனியாக இருந்திருந்தால் “என்னடா” என்று குழிக்குள் இருந்தபடியே கேட்டிருப்பான். சுற்றிலும் கிளப் இருந்ததால், என் துரைத்தனத்துக்குக் குறை வந்துவிடக் கூடாதென்று எழுந்து நின்றான். துண்டை அவிழ்த்து முடிக்கும்வரை நான் பொறுத்திருந்தேன்.

அந்த ஒன்பது குண்டும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் குறி பார்த்த இடத்தில் போய்ப் பட்டது பத்தாவது குண்டு மட்டும்தான்.