கம்பி தெரியும் பாலம்

“பாலம் அம்மணமா நிக்குதுங்க.”

நீடாமங்கலம் பஸ்ஸில், மடியில் கரணை வைத்திருந்த கொத்தனார் பக்கத்தில் இருந்த வெள்ளை வேட்டிப் பெரியவரிடம் சொன்னார். நான் பின்சீட்டில் இருந்தேன்.

“என்னப்பா சொல்ற?”

“வாய்க்கால் பாலத்துத் தளத்தை வார்க்கும்போது கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில கல் வைக்கலீங்க. சிமெண்ட் தோல் மாதிரிதான் மூடியிருக்கு. இப்ப கம்பி துரு பிடிச்சு, சிமெண்ட் உதிர்ந்து, வெளிய தெரியுது.”

“மேல பூசி விடு. அறுப்பு வந்துடுச்சு, என் நெல்லு போவணும்.”

“பூசினா நிக்காதுங்க. கம்பியைச் சுத்திக் கொத்தி, துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு, கனமா அடைக்கணும்.”

“செஞ்சா தாங்குமா?”

“என் வேலை தாங்கும்ங்க. எங்க தெருவுக்குப் பாலமே கூடாதுன்னு மறிச்சவரு நீங்க. அதனால தாங்குதான்னு பாக்க உங்க நெல்லு லாரியே முதல்ல போவட்டும். அப்புறம் எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவும்.”