பார்வையாளர் நோட்டில் எழுதப்படாத பெயர்

அமிலத்தை அடக்கி ஆண்டு, அன்பை மட்டும் அடக்கத் தெரியாத அண்ணலே! செவிலிமேட்டிலிருந்து முதல் பேருந்தில் வந்து, முப்பத்துநான்கு ஆண்டுகள் எங்களுக்கு முன்பாக வேதியியல் ஆய்வகத்தின் கதவைத் திறந்து வைத்து, இன்று ஓய்வுபெறும் ஆய்வக உதவியாளரே, எங்கள் யேசுதாஸ் அண்ணே! வணக்கம்.

உங்கள் அருங்குணங்களை அடுக்கத் தொடங்கினால், "போதும் வுடும்மா" என்று எழுந்துவிடுவீர்கள். அதனால் பட்டியல் போடவில்லை.

சென்ற மாதம், ஓய்வுபெற்ற நம் அலுவலகக் கோதண்டபாணி, மறந்து வைத்த குடையை எடுக்க வந்தார். வாயிலில் பார்வையாளர் நோட்டை நீட்டினார்கள். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் பேனாவோடு நின்றார். அதைப் பார்த்துவிட்டு வந்த நீங்கள் அன்று டீயைத் தொடவில்லை. "என்ன அந்த நோட்டுல எழுத வெச்சிடாதீங்கம்மா. வூட்டுல அவளும் போய்ட்டா. காலைல குளிச்சிட்டு எங்க போறதுன்னே தெரியல" என்றீர்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

பேராசிரியர் ஓய்வுபெற்றால் 'மதிப்புறு பேராசிரியர்' என்று பலகை மாட்டுகிறோம். அதில் சம்பளமில்லை, அதிகாரமில்லை. ஆனால் இவர் இன்னும் நம்மவர் என்ற பொருள் இருக்கிறது. 'முன்னாள்' என்று எழுதினால் அது இல்லை. அந்தப் பட்டத்தை உங்களுக்கும் கேட்டோம். ஆய்வக உதவியாளருக்கு அப்படியொன்று விதியிலேயே இல்லை என்றது அலுவலகம். மூன்று முறை மனுவைத் திருப்பினார்கள். நான்காம் முறை, இம்மடலைப் படிக்கும் துறைத் தலைவி சந்தியாவாகிய நான், இருபத்தோரு ஆண்டுகள் மறைத்த ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

நான் பணியில் சேர்ந்த ஆண்டு. உப்பைக் கண்டறியும் செய்முறைத் தேர்வு. குப்பிகளில் எழுத வேண்டிய எண்களை மூடிகளில் எழுதிவிட்டேன். தூசி துடைக்கப் பன்னிரண்டு மூடிகளையும் கழற்றி ஒரே தட்டில் குவித்தேன். எந்த உப்புக்கு எந்த எண் என்று எனக்கே தெரியவில்லை, அழுகை வந்தது. நீங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒவ்வொரு உப்பாகச் சோதித்து, குப்பிகளின் மேலேயே எண் எழுதினீர்கள். தேர்வு தாமதமானது. வெளித் தேர்வாளர் சத்தம் போட்டபோது, "மூடிய நான்தான் சார் மாத்திட்டேன்" என்று முன்னால் போய் நின்றீர்கள். அந்த ஆண்டு உங்கள் பணிக்குறிப்பில் ஏறிய கண்டிப்பு என்னுடையது அண்ணே. இத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

அந்தக் காகிதத்தைப் படித்த கல்லூரி முதல்வர் வேறொன்றும் கேட்கவில்லை. நேற்று ஆணை வந்துவிட்டது.

மதிப்புறு ஆய்வக உதவியாளரே! கண்ணும் கரமும் காலும் நலமாக, பேரப்பிள்ளைகளின் பேச்சும் சிரிப்பும் சூழ, நூறாண்டு நிறைவாய் வாழ வேண்டும் நீங்கள். பார்வையாளர் நோட்டு உங்கள் பக்கம் வராது. ஜூன் மாதப் பணியாளர் வருகைப் பதிவேட்டில், எங்கள் பெயர்களுக்குக் கீழே, அலுவலக உதவியாளர் பொன்னி உங்களுக்கு ஒரு வரி கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் அதில் கையெழுத்து இல்லையென்றால், அண்ணே, ஆப்சென்ட் போட்டுவிடுவோம்.

என்றும் உங்கள்,
சந்தியாவும் வேதியியல் துறையார் அனைவரும்