பதினாறாவது ஆள்

இல்ல தம்பி, அந்தக் கேமராவ எம் மூஞ்சிக்கு நேரா நீட்டாத. கீழ வையி. காபி ஆறுது பாரு, குடி. பாரிஸ்லேர்ந்து எழுதிக் கொண்டாந்திருக்கியே ஒரு கேள்வி, வெளிநாட்டு ஆளுங்களுக்கு வரம்பு கட்டுனதுல ஊர்ப் பசங்களுக்கு விடிஞ்சுதா மதாம் ஓடெத்ன்னு, அத மடிச்சு பாக்கெட்ல வச்சுக்க. அதுக்குப் பதில் சொல்ல எங்க ரக்பி கிளப் தலைவர் லார்த்திகோ இருக்காரு. டையக் கட்டிக்கிட்டு, நெஞ்சுல கைய வச்சு, எங்க மண்ணு, எங்க ரத்தம்னு ஆரம்பிப்பாரு. அந்தாளு மண்ணத் தொட்டே முப்பது வருஷமாச்சு. அப்பன் வச்சிட்டுப் போன வாத்துப் பண்ணைய வித்துட்டு சிமெண்ட் வியாபாரத்துக்குப் போன மனுஷன்.

சட்டம் தெரியும்ல உனக்கு? தெரியாதா? தெரியாமலே மைக்கத் தூக்கிட்டு வந்துட்டியா? நல்லா இருக்கு. கேளு. மேட்சுக்கு இருபத்து மூணு பேர் லிஸ்ட்டு. அதுல சராசரியா பதினாறு பேரு இங்க வளந்தவனா இருக்கணும். கொறைஞ்சா புள்ளிய வெட்டுவாங்க. சரி, இங்க வளந்தவன்னா யாரு? இருபத்தொரு வயசுக்குள்ள மூணு சீசன் நம்ம நாட்டு அகாடமில இருந்தவன். அவ்ளோதான் விஷயம். எங்க பொறந்தான், அவங்கம்மா எந்த பாஷைல கூப்பிடுவா, ஒருத்தனும் கேக்க மாட்டான். எதுத்த சந்துல டாக்டர் பையன் ஒருத்தன், இங்க பொறந்தவன். சின்னதுலயே அப்பாவோட மடகாஸ்கருக்குப் போயிட்டான். இருபத்திரண்டு வயசுல திரும்பி வந்து ஆடுறேன்னான். அவன் வெளியாளாம்! எங்க கேப்டன் ஹென்னி தென்னாப்பிரிக்காக்காரன். பதினோரு வருஷமா இங்க குடித்தனம், பொண்டாட்டி இந்த ஊருப் பொண்ணு. ரெஃபரியத் திட்டுனா எங்க தாத்தன் காலத்து வசவு வரும் அவன் வாய்ல, இந்த ஊர்ப் பசங்களுக்கே பாதி புரியாது. அவனும் வெளியாளு. என்னத்தச் சட்டம் போட்டுக் கிழிச்சாங்களோ.

சிரிக்கிறியா? சிரி. நாங்களும் மொதல்ல சிரிச்சோம்.

எம் பையன் ரெமி அஞ்சு வயசுலேர்ந்து இந்தக் கிளப்புல ஆடுனவன். ரெண்டு டீமும் குனிஞ்சு கோத்துக்கிட்டு முட்டுமே ஸ்க்ரம்னு, அதுல ஓரத்துல தள்ளுவாங்கல்ல, பந்து வெளிய வந்ததும் மொத ஆளாப் பாய்வாங்களே, அந்த இடம். சட்டம் இறுக்கிப் பிடிச்ச வருஷம் அவன மேல் டீம்ல சேத்தாங்க. ஊரே கை குடுத்துச்சு. எங்க வீட்டுக்காரரு எத்தியேன் அன்னைக்கு இந்த எங்க பார்ல எல்லாருக்கும் ஊத்தி ஊத்திக் குடுத்தாரு. அப்புறம் என்னாச்சுங்கிற? அந்த சீசன் இருபத்திரண்டு மேட்சு லிஸ்ட்ல எம் பையன் பேரு இருந்துச்சு. மைதானத்துல எவ்ளோ நேரம் ஆடுனான் தெரியுமா? மொத்தமா பதினோரு நிமிஷம். ஆமா, ஒரு வருஷத்துக்கு. மத்த நேரமெல்லாம் பெரிய கோட்டப் போத்திக்கிட்டு பெஞ்சுல. கோச்சுக்கு வேண்டியது எம் பையன் இல்ல தம்பி, அவன் சர்டிபிகேட். அதையே பெஞ்சுல வச்சிருந்தாலும் அந்த வேலையச் செஞ்சிருக்கும்.

ஊர்க்காரங்களுக்கு வாய் சும்மா இருக்குமா? பதினாறாவதுன்னு பேரு வச்சாங்க. ரொட்டிக் கடைக்குப் போனா, என்ன பதினாறு, இன்னைக்குக் குளிர் எப்படி பெஞ்சுலன்னு. அவனும் சிரிச்சிட்டே வருவான். வீட்டுக்கு வந்து ஷூவக் கழட்டி வைப்பான், அதுல ஒரு பொட்டு சேறு இருக்காது.

சரி, அதுக்குள்ள நம்ம தலைவருக்கு மூளை வேல செஞ்சுது. செய்யுமே! இருபத்தஞ்சு வயசு ஃபிஜிக்காரனக் கொண்டாந்தாத்தான வெளியாளு? பதினேழு வயசுல கொண்டாந்து அகாடமில போட்டா? மூணு வருஷத்துல அவன் உள்ளூர்க்காரன்! சட்டத்துக்கும் கொறை இல்ல, ஆளும் பனைமரம் மாதிரி. எல்லாக் கிளப்பும் அதத்தான் பண்ணுச்சு. இவரு பண்ணும்போது மட்டும் மனிதநேயம்னு பேப்பர்ல போட்டுக்கிட்டாரு.

அப்படி வந்தவன்தான் விலிமோனி. நீ தேடி வந்த ஆளு. நாளைக்கு பிரான்ஸ் சட்டையில ஆடப்போறானே, அவன். அகாடமில ரூம் பத்தல, ஓடெத் வீட்ல மாடி காலியா இருக்குன்னு எங்க வீட்ல கொண்டாந்து எறக்கிட்டுப் போயிட்டாங்க. செப்டம்பர் மாசம்தான், அதுக்கே வெடவெடன்னு நடுங்குறான், கால்ல செருப்பு. பேச்சுன்னா போன்ழூர் ஒண்ணுதான் தெரியும். காலைல வணக்கத்துக்கும் போன்ழூர், தூங்கப் போறப்பவும் போன்ழூர். ஹீட்டர் பக்கத்துல நாற்காலியப் போட்டுக்கிட்டு நகரவே மாட்டான். பாத்ரூம்ல நின்னு சர்ச் பாட்டு பாடுவான் பாரு, கீழ கடைல குடிச்சிட்டிருக்கிறவன் கிளாஸக் கீழ வச்சிருவான். எங்க முட்டைக்கோசு சூப்ப மொத நாளு மோந்து பாத்துட்டுத் தள்ளி வச்சான். ஒரு மாசத்துல சட்டியோட கேட்டான்.

பிடிச்சுதாவா? எனக்கு ஏன் பிடிக்கணும்? எம் பையன் எடத்துக்கு வந்தவன். அதே ஓரம், அதே தள்ளு. அகாடமி டைரக்டரு என்கிட்டயே வந்து, மதாம், உங்க வீட்லயே ரெண்டு பேரும் போட்டி போட்டு வளரட்டும்ன்னான். கோழி வளக்குறோம்னு நெனப்பு. நான் மூஞ்சில அடிச்ச மாதிரி அவன் குடிச்சதுக்கு பில்ல நீட்டுனேன். ஆனா இந்த ரெமி இருக்கானே, அவனுக்கு அறிவே கெடையாது. விலிக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்தான். கோட்டு வாங்கக் கூட்டிட்டுப் போனான். ரெண்டும் ராப்பகலா ஒண்ணாவே சுத்துங்க.

மூணாவது வருஷம் ஜூன்ல விலி உள்ளூர்க்காரன் ஆனான். பேப்பர் வந்து பத்து நாள்ல ரெமியக் கூப்பிட்டு, உன் சேவைக்கு நன்றின்னு கை குடுத்து அனுப்பிட்டாங்க. இப்ப மலைப் பக்கம் ஒரு சின்ன கிளப்புல ஆடுறான். கீழ்ப் பிரிவு. எல்லா மேட்சும் முழுசா ஆடுறான், நல்லா சேறு பூசிக்கிட்டு. இதத்தான் உங்க ஆளுங்க, ஊர்த் திறமைய வளக்குறோம்னு டிவில சொல்றாங்க. ஒருத்தன் ஊர விட்டுப் போனதும் திறமைதான், ஒருத்தன் ஊர விட்டு வந்ததும் திறமைதான். என்ன எழவோ.

என்ன கேட்ட? ரெமிக்கு விலி மேல கோவமான்னா? ஐயோ, அவனுங்க ரெண்டு பேரும் வாரம் தவறாமப் பேசிக்கிறாங்க தம்பி. நாளைக்கு பாரிஸ் போறான் ரெமி, விலிதான் டிக்கெட் அனுப்பியிருக்கான். எனக்கும்தான் அனுப்பியிருக்கான். நான் போகல. கடைய யாரு பாக்குறது?

எத்தியேன் பாப்பாராவா? அவரு பாப்பாரு, கல்லாவ எங்க தெறக்குறதுன்னு தெரியாம. சரி விடு. ஏன் போகலன்னு கேட்டுட்ட, சொல்றேன். இத மட்டும் டிவில போடாத.

அந்த மூணாவது வருஷம், பிப்ரவரி மாசம். சீசன் முடிய நாலு மாசம் பாக்கி. ஒரு நா காலைல விலியக் காணோம். படுக்கை மடிச்சு வச்சிருக்கு, பை இல்ல. ஊரே ஓடுச்சு. லார்த்திகோ இங்கதான் வந்து, நீ உக்காந்திருக்கியே அதே ஸ்டூல்ல, தலைல கை வச்சு உக்காந்தாரு. ரெண்டர வருஷம் சோறு போட்டது வீணா போச்சேன்னு ஒப்பாரி. சோறு போட்டது நானு! சீசன் முடியறதுக்கு முன்னாடி போயிட்டா அவன் கணக்குல வரமாட்டான்ல, அதான். எனக்கு மட்டும் தெரியும் எங்க போயிருப்பான்னு. மொத நா ராத்திரி ரெமிகிட்ட துலூஸ் ஏர்போர்ட்டுக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டது என் காதுல விழுந்துச்சு. ரெமி பயிற்சிக்குப் போயிட்டான். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கடை நெரம்பிக் கெடக்கு, அப்படியே கதவச் சாத்திட்டு வண்டிய எடுத்தேன்.

ஏர்போர்ட்ல கண்ணாடிச் சுவர் ஓரத்துல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருந்தான். கிளப் ஸ்வெட்டர்தான் போட்டிருந்தான். என்னடா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களான்னேன். இல்லன்னான். வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையான்னேன். இல்லன்னான். அப்புறம் அவன் பிரெஞ்சுல, தப்புத் தப்பா, ஓடெத், நான் போயிட்டா ரெமிய வச்சுக்குவாங்கல்லன்னான்.

எனக்குத் தெரியும் தம்பி, வச்சுக்குவாங்க. இன்னும் ரெண்டு வருஷமாவது வச்சுக்குவாங்க. ஆளு கெடைக்காது. நான் ஒண்ணும் பேசாம வீட்டுக்கு வந்திருந்தாப் போதும். பிளேன் கெளம்பியிருக்கும்.

எந்திரிடா, சூப்பு ஆறுதுன்னேன். பைய நானே தூக்கிக்கிட்டேன்.

ரெமிகிட்ட நான் சொல்லல. விலிதான் சொன்னான், கள்ளம் தெரியாதவன், ஓடெத் எவ்ளோ நல்லவங்கன்னு சொல்றதா நெனச்சுக்கிட்டு. கிளப்ல இருந்து அனுப்புன அன்னைக்கு ரெமி இங்க வந்தான். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். கத்தல, ஒண்ணும் இல்ல. ஏன் கூட்டிட்டு வந்தன்னுகூட கேக்கல. அவன் என்ன விட நல்லா ஆடுவான்னுதானம்மா கூட்டிட்டு வந்தன்னான்.

பதினாறு வருஷம் மழைல நின்னு பாத்தவ நானு. எனக்குத் தெரியாதா யாரு எப்படி ஆடுவாங்கன்னு? பொய் சொல்லியிருக்கலாம். அம்மாக்காரி எத்தனையோ பொய் சொல்றா.

ஆமாடான்னு சொல்லிட்டேன்.

வர்ற ஜூன் வந்தா மூணு வருஷம். இந்தக் கதவத் தாண்டி அவன் உள்ள வரல.