பதினோரு வண்டிகளுக்கும் வழி வகுத்த அக்காவுக்கு

வழிகளை வகுத்த வல்லவரே! வண்டிகளின் டீசல் தாகத்தைத் தணித்தவரே! கோபத்திலும் சிரிப்பை மறவாத எங்கள் அன்பு அக்கா அவர்களே! வணக்கம்.

இவ்வுணவுக் கிடங்கில் முப்பத்தோராண்டுகள் வண்டிகளுக்கு வழி வகுத்து இன்று ஓய்வுபெறும் தங்களைப் போற்ற ஆயிரம் இருப்பினும், அந்த ஒரு மாதத்தைச் சொன்னாலே எங்கள் நெஞ்சம் நிறையும். செலவைக் குறைக்க, பதினோரு வண்டிகளில் மூன்றை நிறுத்தி, மூன்று ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்ப மேலாளர் முடிவெடுத்த வேளையில், “ஒரு மாசம் குடுங்க சார்” என்று எழுந்து நின்றீர்கள்.

புது வழிகளை வரைந்து காட்டியதும் மூத்த ஓட்டுநர் முகம் சுளித்தார்: “பேப்பர்ல கோடு போடுறது சுலபம்க்கா. அந்தச் சந்துல வண்டியத் திருப்பிப் பாருங்க!”

“அப்ப நானும் வரேன். கொஞ்சம் நகருங்க.”

அன்று முதல் ஒவ்வொரு வண்டியிலும் ஏறினீர்கள். ஒரே தெருவுக்கு நம் வண்டிகள் மூன்று போவதையும், மருத்துவமனைச் சமையற்கூட வாசலில் பால் வண்டிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் காத்துக் கிடப்பதையும் கண்டீர்கள். தடங்களை இணைத்தீர்கள், நேரங்களை மாற்றினீர்கள், கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றச் சொன்னீர்கள்.

புது வழியில் ஓடிய முதல் நாளே பள்ளிக்கூடச் சந்தில் வண்டி சிக்கியது! “தப்பு என்னோடது. அங்கயே நில்லுங்க” என்று போனில் சொல்லிவிட்டு ஓடிவந்து, ரொட்டித் தட்டுகளைத் தலையில் சுமந்தீர்கள். பிள்ளைகள் பசியோடு காத்திருக்கவில்லை. நாங்கள்தாம் சிரித்துச் சிரித்துச் சோர்ந்தோம்.

மாத முடிவில் பதினொன்றின் வேலையை எட்டு வண்டிகளே முடித்தன. மேலாளர் மகிழ்ந்து, “அப்ப அந்த மூணு பேரையும் அனுப்பிடலாமா?” என்றார்.

“அனுப்ப வேண்டியது ஆத்துக்கு அந்தப் பக்கம் சரக்கு கொண்டுபோக நாம வெளியில எடுக்குற வாடகை வண்டிங்களை சார். அந்த வேலையை நம்ம மூணு வண்டியும் பாத்துக்கும்.”

மேலாளர் உடனே கையெழுத்திட்டார். செலவும் குறைந்தது, எங்களில் ஒருவர் பிழைப்பும் போகவில்லை. அறிவோடு அன்பையும் கூட்டிக் கணக்கிட்ட அருங்குணமே, உம்மை எப்படி மறப்போம்!

இன்று காலை தங்கள் கணவர் எங்களைத் தனியே அழைத்துக் கேட்டார்: “நாளையிலிருந்து கடைக்கு நான் எனக்குப் பிடிச்ச வழியா போலாமா?” அதற்கு மட்டும் எங்களால் உறுதி கூற இயலவில்லை!

நோய் நெருங்காமல், சிரிப்பு குறையாமல், சுற்றுவழியிலும் சுகமாய் நடந்து, நூறாண்டு கடந்தும் நலமுடன் வாழ்க!

நீங்காத அன்புடன்,
ஓட்டுநர்கள், சுமை தூக்குவோர், கிடங்கு அலுவலர்கள்