சின்னவன் போட்ட கோல்

எடுக்கப் போவதில்லை. அடித்து ஓயட்டும். நான்கு மாதமாக இந்த எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்து இரண்டாம் நாள் வருகிறதென்றால் எதற்கென்று எனக்குத் தெரியாதா? நலம் விசாரிக்கிற ஆளா அவன்? இந்தக் கடையின் அறிவிப்பு அறையில் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர்களில் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. அதில் எனக்கு நிம்மதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எரிச்சல்தான். அந்த எரிச்சல்தான் இப்போது கையை நீட்டி எடுத்தது.

"ஹலோ... ஆமா, நான்தான்... கேக்குது, கேக்குது... யாரு, மழையா? ... குரலே மாறிப்போச்சே. பதவி வந்தா தொண்டையும் தடிச்சிடுமா?

"...அக்காவா? இப்ப அக்காவா? வேலையை விட்டுத் தூக்கினப்ப வந்த கடிதத்துல 'மதிப்பிற்குரிய முன்னாள் ஊழியர்'னு இருந்துச்சே. கீழ உன் கையெழுத்து... சரிப்பா, உனக்கு மேல இருந்து வந்த உத்தரவு. பத்து வருஷம் நம்ம ஊர் டிவியில ஒரே மேசை. நான் செய்தி, நீ வானிலை. நீ மழைன்னு சொன்னா அன்னைக்குத் தைரியமா துணி காயப்போடலாம்னுதான் ஆபீஸ்ல உனக்கு அந்தப் பேரே வந்துச்சு. இப்ப மண்டலத் தலைவர்... சொல்லு சொல்லு. வேலையில இருக்கேன்.

"...ஆமா, கடைதான். பெரிய மளிகைக் கடை. மைக்ல அறிவிப்பு சொல்றேன்... சிரிச்சுக்கோ. இங்க நாலாவது வரிசையில எண்ணெய் கொட்டியிருக்குன்னு நான் சொன்னா, போய்ப் பாரு, கொட்டியிருக்கும். நீங்க போன வாரம் ஆத்துப் பாலத்தை மூடியாச்சுன்னு வாசிச்சீங்களே, அதே நேரத்துல நான் அந்தப் பாலத்து மேல பஸ்ல போயிட்டிருந்தேன்.

"...என்ன தொழில்நுட்பக் கோளாறு? அரை மணி நேரச் செய்தியை நாலு நிமிஷம் ஆக்கினீங்க. ஏழு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம், தலைமை அலுவலகத்துல உக்காந்துகிட்டு ஒரு பொண்ணு நம்ம தெருப் பேரையெல்லாம் கடிச்சுத் துப்புறா. பின்னாடி ஒரு தெருப் படம். அது நம்ம தெருவும் இல்ல, அவ தெருவும் இல்ல... பாவம், அவளை ஏன் சொல்லணும். எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறா.

"ஒரு நிமிஷம் இரு. ஃபோனை வச்சிடாதே...

"வாடிக்கையாளர்களே, நீல நிறக் குழந்தை வண்டி ஒன்று பால் பகுதியில் விடப்பட்டுள்ளது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்.

"...ம், சொல்லு... இல்ல, வண்டி மட்டும்தான். குழந்தையை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவன் சிரித்தான். பழைய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக அவனுக்கு எத்தனை பிழைகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். இளகிவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சரி, சுத்தி வளைக்காதே. ஞாயித்துக்கிழமை ஆட்டம். அதுதானே? ...ஆமா, பாத்தேன். முழுசாப் பாத்தேன். எங்க உக்காந்து பாத்தேன்னு அப்புறம் சொல்றேன்.

"...நல்லா வந்துச்சா? கம்பத்துல ஆளில்லாம ஒரு கேமரா. பந்தை அதுவே தேடிக்கும்னு சொன்னீங்க. மூணு நிமிஷம் ஒரு வெள்ளை நாயைத் தேடிச்சு. தலைமை அலுவலகத்துல கோட்டு சூட்டு போட்டு உக்காந்து வர்ணனை பண்ற உங்க கோட்டுக்காரர் அந்த மூணு நிமிஷமும் 'ஆட்டத்தின் வேகம் சற்றே குறைந்திருக்கிறது'ன்னார். நாய் படுத்துகிச்சு, அதான் குறைஞ்சுது.

"...இரு, நான் பேசிடறேன். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி ரெண்டு டீமும் தலையைக் குனிஞ்சு ஒரு நிமிஷம் நின்னாங்க. எதுக்குன்னு தெரியுமா? தெரியாது. ஏன்னா அந்த ஒரு நிமிஷம் நீங்க பெயின்ட் விளம்பரம் போட்டீங்க. நம்ம டீம்ல ஏழாம் நம்பர் போட்டு ஆடின பெரியவன் செத்து அஞ்சு மாசம் ஆச்சு. மில் திருப்பத்துல, பைக்ல. அவனுக்காக நின்னாங்க. அவன் தம்பி அன்னைக்குத்தான் முதல் தடவையா டீம்ல இறங்கறான், அண்ணன் சட்டையைப் போட்டுகிட்டு. கோட்டுக்காரருக்கு முதுகுல ஏழு தெரிஞ்சுது, போதும். தொண்ணூறு நிமிஷமும் செத்தவன் பேரைச் சொன்னார். சின்னவன் கோல் போட்டான். ஸ்கிரீன்ல பெரியவன் பேரு வந்துச்சு, 'சீசனின் முதல் கோல்'னு, மஞ்சள் எழுத்துல.

"...வருத்தமா? யாருக்கு, தலைமை அலுவலகத்துக்கா? ...ஓ. புகார் வந்திருக்கு. அப்ப வருத்தம்தான்."

பிறகு அவன் விஷயத்துக்கு வந்தான். வேகமாக, மூச்சு விடாமல், வானிலை வாசிக்கிற அதே ராகத்தில்.

"...ம்... ம்... என்னை? ...நான் வந்து மன்னிப்பு அறிவிப்பை வாசிக்கணுமா? ...என் முகம்னா ஊர்ல நம்புவாங்க. நாலு மாசம் முன்னாடி என் முகத்துக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னீங்க... நீ சொல்லல, சரி, நீ பக்கத்துல நின்னே. எழுதியாச்சா? வாசி, கேக்கலாம்.

"'எங்கள்...' ம்... 'எங்கள் உள்ளூர்ப் பிரிவின் கவனக்குறைவால்...' நிறுத்து. எந்த உள்ளூர்ப் பிரிவு? உள்ளூர்ப் பிரிவை மூடிப் பூட்டி சாவியை நீதானே வாங்கிட்டுப் போனே? இல்லாத பிரிவுக்குக் கவனக்குறைவு எப்படி வரும்?

"...வாரத்துக்கு ஒரு நாளா? திரும்ப வேலையா? ...நிரந்தரமா? ..."

அந்தச் சொல் என்னை எங்கோ தொட்டது, மறைக்க முடியாது. பழைய நாற்காலி, முகத்துக்கு நேரே அந்தச் சூடான வெளிச்சம், கேமராவின் சிவப்பு விளக்கு எரிவதற்கு முந்தைய அந்த அரை நொடி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இவனை இகழ்கிற வாய்தான்.

"...இருக்கேன், இருக்கேன். யோசிக்கிறேன்... என்ன அட்டை? ...ஓ. அதை எடுத்து வச்சிருக்கியா. மிரட்டறியா? ...சும்மா சொல்றே. சும்மா.

"ஆமா, என் கையெழுத்துதான். வர்ணனைக்காக ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு அட்டை, பச்சை மையில. அதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தினீங்க, கோட்டுக்காரர் அதைப் பாத்துதான் பேசினார், அதனால தப்பு என்னோடது. இதுதானே? ...அட்டை மட்டும் வேலை இல்லப்பா. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி மைதானத்துக்கு ஃபோன் போடுவேன். டீம் சட்டையெல்லாம் பாத்துக்கற தாத்தா எடுப்பார். யாருக்குக் காய்ச்சல், யார் சட்டையை யார் போட்டிருக்கான், எல்லாம் சொல்வார். முதுகைப் பாத்து எழுதாதேம்மா, காலைப் பாத்து எழுதுன்னுவார். ஞாயித்துக்கிழமையும் அவர் ஃபோனைக் கையில வச்சுகிட்டு நின்னாராம். யாராவது கூப்பிடுவாங்கன்னு. உங்க ஏழு மாடிக் கட்டடத்துல ஒருத்தருக்கும் ஒரு ஃபோன் போடத் தோணல.

"...என்ன? ...கோடு?"

அவன் அதைக் கேட்டுவிட்டான். யாராவது டீமை விட்டுப் போனால் அட்டையின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுப்பேன். அது அவனுக்குத் தெரியும். பெரியவன் போன பிறகு ஒரு மாதம் நான் வேலையில்தான் இருந்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன், அட்டையை எடுத்தேன். இரண்டையும் திரும்ப வைத்தேன். நாளைக்கு என்றேன். அந்த நாளைக்கு வருவதற்குள் என்னை அனுப்பிவிட்டார்கள். இவர்கள் மேல் எனக்குள்ள இத்தனை ஏளனத்திலும் ஒரு பங்கு அந்தப் பேனாவின் மேல்தான் என்று ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

"...ஆமா. இழுக்கல. மறக்கல, மனசு வரல... என் தப்புதான். அதைப் போய்ச் சொல்ல வேண்டிய வீட்ல சொல்லியாச்சு. ஆட்டத்தை நான் அங்க உக்காந்துதான் பாத்தேன், பசங்களோட அம்மா பக்கத்துல. சின்னவன் முதல் ஆட்டம், கூட இருன்னு கூப்பிட்டாங்க.

"...இல்ல, அழல. கத்தவும் இல்ல... அவங்க கேக்கறது ஒண்ணுதான். கோலுக்குக் கீழ இருக்கிற பேரை மாத்தணும். பெரியவன் பேரை எடுத்துட்டு சின்னவன் பேர். அந்தக் காட்சியை நேத்து கூட ரெண்டு தடவை போட்டீங்க, அதே மஞ்சள் எழுத்தோட... மாத்த எவ்வளவு நேரம் ஆகும்? ...என்னது? சிஸ்டத்துல பூட்டியாச்சா? ...யார் அனுமதி? ...அடுத்த மாசக் கூட்டத்துலயா? ஏம்ப்பா, ஒரு பேரு! மூணு எழுத்து! நாயைத் தேடற கேமரா வாங்கத் தெரியுது, மூணு எழுத்தை அழிக்கக் கூட்டம் போடணுமா?

"...அதுக்குப் பதிலாத்தான் நான் வாசிக்கணும். புரியுது. எழுத்தை மாத்தினா தப்பை ஒத்துகிட்ட மாதிரி. நான் வாசிச்சா தப்பு பண்ணினவ நான். நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க, மழை. இவ்வளவு யோசனையை அந்த ஆட்டத்துக்கு முன்னாடி பண்ணியிருக்கலாம்.

"...என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு... என் குரலைக் கேட்டா அந்தம்மாவுக்கு ஆறுதலா இருக்கும்."

கண்ணாடிக்கு வெளியே நீல வண்டியை ஒருத்தி வந்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கணம் எனக்குக் கோபமே இல்லாமல் போயிற்று.

"அந்த அட்டை இப்ப உன் முன்னாடி இருக்கா? ...முன்பக்கம் என்ன இருக்கு? ...ம். 'இடது கால். கோல் போட்டதும் காதைத் தொடுவான்.' அதை வச்சுத்தான் கோட்டுக்காரர் 'வழக்கமான அந்தத் திமிர் இன்று ஏனோ இல்லை'ன்னார். இப்ப திருப்பு... திருப்புப்பா, பின்பக்கமும் எழுதியிருக்கேன். நாலு மாசத்துல ஒருத்தரும் திருப்பலையா? ...வாசி. சத்தமா.

"...ம். 'அம்மாவுக்குக் காது கேட்காது. கேட்டுச்சான்னு அவங்களைக் கேலி பண்றதுக்காகத் தொடுவான்.'

"...ஆமா. அது திமிர் இல்ல, கேலி.

"கோட்டுக்காரர் பேசினது எதுவும் அவங்களுக்குத் தெரியாது. எழுத்தைத்தான் பாத்தாங்க. பக்கத்துல நான் ஒரு நோட்டை வச்சுகிட்டு எழுதிக் காட்டிட்டிருந்தேன். கோல் விழுந்ததும் என் கையிலேருந்து பேனாவைப் பிடுங்கி அவங்க எழுதினாங்க. 'பெரியவனுக்கு இனிமே எதுவும் வேண்டாம். சின்னவனோடதைத் திருப்பித் தரச் சொல்லு.'

"...வேண்டாம், நீ மன்னிப்பு கேக்காதே. உன் வேலையாவது மிஞ்சட்டும்... காரா? என்னைக் கூட்டிட்டுப் போகக் காரெல்லாம் அனுப்பாதே... கோவம் இல்லப்பா. இப்ப இல்ல.

"...ஆறு மணிச் செய்தி வரைக்கும் காத்திருந்தாலும் என் பதில் அதேதான். என் தப்பை நான் சொல்லிட்டேன். உங்களோடதை நீங்க எழுதுங்க, மூணு எழுத்துதான்... இல்ல... நான் வாசிக்கல. வச்சிடறேன், இங்க ஏதோ கொட்டிடுச்சு."